படிக்க 6,000 கோடி, படிக்கப்பட எவ்வளவு?

பெருமுக்கல் மலையில் சீதை குகை என்று ஊர்க்காரர்கள் சொல்லும் ஒரு பாறைக்குடைவு இருக்கிறது. உள்ளே பாறையில் கீறிய உருவங்களும் குறியீடுகளும் இருக்கும். சீதை கீறினது என்று சின்ன வயசில் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கேன். தொல்லியல் தெரிந்தவர்கள் அதெல்லாம் வரலாற்றுக்கு முந்தைய மனிதர்களின் வேலை என்கிறார்கள்.

போன கோடையில் டார்ச், அளவு நாடா, கேமரா மூன்றையும் எடுத்துக்கொண்டு விடியற்காலையில் மலை ஏறினேன். டார்ச்சைப் பாறைக்கு நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் கீறலின் நிழல் விழுந்து உருவம் எழும்பி வரும். அப்படி எடுத்த படங்களைத் தென்னிந்தியாவின் மற்ற பாறைக்கீறல்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று வீட்டுக்கு வந்து கட்டுரைகளைத் தேடினேன்.

உருப்படியாக ஐந்து கட்டுரை தலைப்பு கிடைத்தது. மூன்றுக்குப் பூட்டு, ஒவ்வொன்றையும் திறக்க முப்பது நாற்பது டாலர். மூன்றுமே இந்தியப் பேராசிரியர்கள் எழுதியவை. பாறை நம்முடையது, எழுதினவருக்குச் சம்பளம் நம் வரிப்பணம். மீதி இரண்டும் பிரெஞ்சு மொழியில், முழுசாக, இலவசமாகக் கிடைத்தன. மொழிபெயர்ப்பு மென்பொருளில் போட்டுப் படித்துக்கொண்டேன்.

எங்க ஊர்ப்பக்கத்துப் பாறையைப் பற்றிப் புரிந்துகொள்ள பிரான்ஸ் நாட்டின் வரிப்பணம் எனக்கு உதவியது. நம் வரிப்பணத்தில் எழுதியது உதவவில்லை. இது எப்படி ஆச்சு என்று தோண்டப் போய்த்தான் இந்தப் பதிவு. கோபம் ஆறி ஆறு மாசம் கழித்தே எழுதுகிறேன். தவிர, நான் பி.இ. படித்துவிட்டு மென்பொருள் வேலை பார்க்கிறவன். எந்தப் பல்கலைக்கழகத்திலும் எனக்கு அடையாள அட்டை கிடையாது. அதையும் மனசில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஒரே நாடு, ஒரே சந்தா

2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். எல்சேவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி உட்பட 30 பதிப்பாளர்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள். 6,300-க்கும் அதிகமான அரசுக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் இருக்கும் சுமார் 1.8 கோடி பேர் படிக்கலாம். காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்துகிறது.

நல்லதை முதலில் சொல்லிடறேன். வருஷத்துக்கு 2,000 கோடியை 1.8 கோடி பேருக்குப் பிரித்தால் தலைக்கு ரூ. 1,111 வருகிறது. இதுவரை ஐஐடி மாதிரி பணக்கார நூலகங்களில் மட்டும் கிடைத்த இதழ் இப்போது ஒரு மாவட்டத் தலைநகரின் அரசுக் கலைக்கல்லூரி மாணவிக்கும் கிடைக்கிறது. அதுவரைக்கும் இந்தத் திட்டத்தில் எனக்குக் குறை இல்லை.

குறை இரண்டு. முதலாவது, யார் உள்ளே, யார் வெளியே என்பது. முதல் கட்டத்தில் அரசு நிறுவனங்கள் மட்டும். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் பெரும்பாலானவை தனியார் கல்லூரிகள், அவற்றின் மாணவர்கள் வெளியே. ஓய்வு பெற்ற ஆசிரியர், உள்ளூர் வரலாறு எழுதுகிற தபால்காரர், என்னை மாதிரி ஆள், எல்லாரும் வெளியே. 2020 டிசம்பர் கடைசியில் வெளியான ஐந்தாவது அறிவியல், தொழில்நுட்பக் கொள்கையின் வரைவை எடுத்துப் பாருங்கள். அதில் இதே சந்தா யோசனை இருந்தது, ஆனால் இந்தியாவில் உள்ள தனிநபர் எல்லாருக்கும் என்று இருந்தது. நான்கு வருஷத்தில் 'எல்லாரும்' என்பது 'அரசு நிறுவனத்தில் இருப்பவர்' என்று சுருங்கிவிட்டது.

இரண்டாவது குறைதான் எனக்குப் பெரிசாகப் படுகிறது. இந்தத் திட்டம் இந்தியர்கள் உலகத்தைப் படிக்க உதவுகிறது. உலகம் இந்தியாவைப் படிக்க எதுவும் செய்யவில்லை. நம் பேராசிரியர் எழுதின கட்டுரை நைரோபியில் இருப்பவருக்கும் கொழும்பில் இருப்பவருக்கும் முன்னாடி மாதிரியே பூட்டிக் கிடக்கிறது. பெருமுக்கல்லில் இருக்கிற எனக்கும்தான்.

எங்க பக்கம் மரக்காணம் உப்பளத்தில் பாத்தியில் வாரிக் குவித்த உப்பு மூட்டையாகப் போய், பாக்கெட்டாகி அதே ஊர் மளிகைக் கடைக்குத் திரும்பி வரும். ஆய்விதழ் வணிகமும் அதே வழிதான். அரசு சம்பளத்தில் ஆராய்ச்சி, இலவசமாக எழுதிக் கொடுப்பது, இன்னொரு பேராசிரியர் இலவசமாக மதிப்பீடு செய்வது, பதிப்புரிமையையும் எழுதிக் கொடுப்பது, கடைசியில் அதே அரசு காசு கொடுத்து வாங்குவது. உப்பளத்தில் வாருகிறவருக்குக் கூலியாவது உண்டு.

பாண்டிச்சேரியில் என்ன நடக்கிறது

பெருமுக்கல்லிலிருந்து பைக்கில் ஒரு மணி நேரத்தில் பாண்டிச்சேரி. அங்கே 1955-ல் தொடங்கின பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. முதல் இயக்குநர் ழான் ஃபில்லியோசா, இந்தியவியல் அறிஞர். இந்த நிறுவனம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று பார்த்தால் விஷயம் புரியும். பிரான்சின் தேசிய ஆராய்ச்சி மையத்தோடு சேர்ந்து அந்நாட்டின் வெளியுறவு அமைச்சகம் இதை நடத்துகிறது. அதாவது தமிழ், சைவ ஆகமம், மேற்குத் தொடர்ச்சி மலைத் தாவரங்கள் பற்றின ஆராய்ச்சி பிரான்சுக்கு வெளியுறவு வேலை.

அந்த நிறுவனத்தின் புத்தகங்களில் கணிசமானவை ஓபன் எடிஷன் தளத்தில் கிடைக்கின்றன. அங்கே சேர்த்துவைத்த சைவச் சுவடிகள் 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறின. அதே 2005-ல் பிரெஞ்சு அரசு 'பெர்சே' என்ற தளத்தைத் தொடங்கி, பழைய ஆய்விதழ்களை முதல் இதழிலிருந்து ஸ்கேன் பண்ணி இலவசமாக வைத்தது. கீழைத்தேய ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியின் 1901-லிருந்து வரும் இதழும் அதில் இருக்கிறது. 2001-லிருந்து 'ஹால்' என்ற களஞ்சியம். 2016 அக்டோபரில் வந்த எண்மக் குடியரசுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. பாதிக்கு மேல் பொதுப்பணத்தில் நடந்த ஆராய்ச்சி என்றால், பதிப்பாளரிடம் என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும், எழுதியவர் தன் இறுதி வரைவை அறிவியலில் 6 மாதம், சமூக அறிவியல் மற்றும் மானுடவியல் துறைகளில் 12 மாதம் கழித்து இலவசமாக வெளியிடலாம். பதிப்பாளர் தடுக்க முடியாது.

இதற்குப் பலன் என்ன? பெருமுக்கல்லில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தன் பாறைக்கீறலைப் பற்றி எழுதும்போது அடிக்குறிப்பில் பிரெஞ்சு ஆய்வாளர் பெயர் வருகிறது. செல்வாக்கு என்பதை நான் இப்படித்தான் பார்க்கிறேன். யாரும் என் கையை முறுக்கவில்லை. கதவு திறந்திருந்த வீட்டுக்குள் போனேன், அவ்வளவுதான்.

இது புதுசும் இல்லை. இதே பெருமுக்கல் கோட்டை பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், ஹைதர் அலி என்று மூணு தரப்பு கைக்கும் மாறியது. 1760-ல் அயர் கூட் இதைப் பிடித்ததைப் பற்றி ராபர்ட் ஓர்ம் தன் போர் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஊர்ப்பெயரை 'பெர்மகோயில்' என்று எழுதுவார். காப்புரிமை காலாவதியான புத்தகம், இணையத்தில் இலவசம். ஆக, இந்த மலையைப் பற்றி ஒரு வெளிநாட்டு மாணவன் தேடினால் 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் சொன்னது சுலபமாகக் கிடைக்கும். 21-ஆம் நூற்றாண்டு இந்தியப் பேராசிரியர் சொன்னதுக்கு நாற்பது டாலர். அவன் எதை மேற்கோள் காட்டுவான்?

இது வெறும் யூகம் இல்லை. ஆங்கில விக்கிப்பீடியாவின் மேற்கோள்களை ஆராய்ந்து 2017-ல் வெளியான ஒரு கட்டுரை, கட்டண இதழைவிடத் திறந்த அணுகல் இதழ் அங்கே மேற்கோளாக வரும் வாய்ப்பு 47 சதவீதம் அதிகம் என்று கணக்கிட்டது. விக்கிப்பீடியாவில் ஏறினது பள்ளிக்கூடக் கட்டுரை வரைக்கும் போகும். இப்போது செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்கும் அதுதான் தீனி.

மஞ்சள் சொன்ன பாடம்

திறந்து வைத்தால் திருடிவிடுவார்களே என்று ஒரு எதிர்வாதம் உண்டு. நியாயமான பயம். ஆனால் நம்முடைய சொந்த அனுபவம் வேறு மாதிரி சொல்கிறது.

1995-ல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்குக் காப்புரிமை கொடுத்தார்கள். நம் பாட்டிமார் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் 'எங்க பாட்டிக்குத் தெரியும்' என்பது காப்புரிமை அலுவலகத்தில் சாட்சி ஆகாது, அச்சில் காட்ட வேண்டும். அப்போது மஷேல்கர் தலைமையில் இருந்த சிஎஸ்ஐஆர் 32 ஆவணங்களைத் தேடி எடுத்துக் கொடுத்தது. அதில் ஒன்று இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் 1953-ல் வந்த கட்டுரை. 1997-ல் காப்புரிமை ரத்தானது.

நாற்பது வருஷம் முன்பு யாரோ அச்சில் போட்டு வைத்தது நம்மைக் காப்பாற்றியது. அந்தப் பரிசோதகர் முதலிலேயே அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடிந்திருந்தால் வழக்கே வந்திருக்காது. ஆனால் நாம் எடுத்த முடிவு என்ன? 2001-ல் பாரம்பரிய அறிவு எண்ம நூலகம் தொடங்கினோம். பிரமாதமான வேலை, சித்த மருத்துவ நூல்கள் உட்பட மொழிபெயர்த்து வகைப்படுத்தினார்கள். கடைசியில் ரகசிய ஒப்பந்தம் போட்டுக் காப்புரிமை அலுவலகங்களுக்கு மட்டும் திறந்து வைத்தோம். 2022-ல் அதை விரிவாக்க அமைச்சரவை ஒப்புதல் தந்தது, அதுவும் சந்தா முறையில். தமிழில் எழுதின சித்த மருத்துவக் குறிப்பை அமெரிக்க அதிகாரி பார்க்கலாம், தமிழன் பார்க்க முடியாது.

பிரேசில் போன பாதை

பிரான்ஸ் பணக்கார நாடு, நம்மால் முடியுமா என்று கேட்கலாம். சரி, பிரேசிலைப் பார்ப்போம். 1997-ல் சாவோ பாவ்லோ மாநில ஆராய்ச்சி நிதியமும் மருத்துவ நூலக மையம் ஒன்றும் சேர்ந்து 'சயேலோ' என்ற திட்டத்தைச் சில இதழ்களோடு ஆரம்பித்தார்கள். உள்நாட்டு இதழ்களைத் தரம் பார்த்துச் சேர்ப்பது, ஒரே தொழில்நுட்பத் தரத்தில் போடுவது, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிப்பது. போர்த்துகீசியம், ஸ்பானியம் எல்லாம் சரிசமம். பிறகு அது சிலி, மெக்சிகோ, ஸ்பெயின், தென்னாப்பிரிக்கா என்று பரவியது. காலனியாக இருந்த நாடு கட்டின மேடையில் காலனி வைத்திருந்த நாடுகள் வந்து சேர்ந்தன. செல்வாக்குக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நம்மிடம் விதை இல்லாமல் இல்லை. 1932-லிருந்து வரும் கரண்ட் சயன்ஸ் இலவசம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இதழ்கள் அவர்கள் தளத்தில் இலவசம். சிஎஸ்ஐஆர் இதழ்களுக்கு ஒரு திறந்த களஞ்சியம் இருக்கிறது. இன்ஃப்ளிப்நெட்டின் சோத்கங்காவில் பல லட்சம் முனைவர் பட்ட ஆய்வேடுகள் உலகத்துக்கே திறந்து கிடக்கின்றன. என் பெருமுக்கல் குறிப்புகளில் பாதி அங்கிருந்து எடுத்ததுதான். 2014 டிசம்பரில் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து ஒரு திறந்த அணுகல் கொள்கையும் கொண்டுவந்தன. எழுதியவர் தன் வரைவைக் களஞ்சியத்தில் போட வேண்டும் என்று விதி. போடாவிட்டால் என்ன ஆகும் என்பதில்தான் பல் இல்லை.

தமிழ்நாட்டிலேயே ஒரு அண்மை உதாரணம். 2025 ஜனவரி 23 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் 'இரும்பின் தொன்மை' நூலை வெளியிட்டார். சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரைக்கும் போகிறது என்று ஆய்வக முடிவுகளோடு சொன்ன நூல். துறையின் தளத்தில் பிடிஎஃப் இலவசம். உலகம் முழுக்கப் பேச்சு, ஆதரவும் சந்தேகமும் சேர்ந்து. ஆய்விதழில் சக அறிஞர் மதிப்பீட்டுக்குப் போயிட்டு வந்திருந்தால் இன்னும் வலுவாக இருந்திருக்கும் என்பது என் குறை. ஆனால் மறுக்கிறவரும் அதே பிடிஎஃப்பைத் திறந்து, பக்க எண் சொல்லித்தான் மறுக்க வேண்டியிருக்கிறது. இதோடு கீழடியின் முதல் இரண்டு கட்ட அகழாய்வை ஒப்பிடுங்கள். அமர்நாத் ராமகிருஷ்ணா 982 பக்க அறிக்கையை 2023 ஜனவரியில் மத்திய தொல்லியல் துறையிடம் கொடுத்தார். 2025 மே மாதம் திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அரசியலை விடுங்கள். வெளியாகாத அறிக்கையை யாரும் ஏற்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

திறந்தால் மட்டும் போதுமா

போதாது. திறந்த அணுகல் என்ற பெயரில் நாட்டின் பெயரைக் கெடுத்ததும் நடந்திருக்கிறது. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் நிறுவனம் ஆய்வாளர்களை ஏமாற்றியது என்று அமெரிக்க வணிக ஆணையம் தொடுத்த வழக்கில், 2019 மார்ச்சில் ஐந்து கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. 2018 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்தே 4,305 இதழ்களை நீக்கியது. காசு கொடுத்தால் எதையும் அச்சிடும் இதழ்கள் பெருகியதற்குக் காரணம், எழுதுகிறவர் பணம் கட்டுகிற முறை. கட்டுரை கூடினால் வருமானம் கூடும், பிறகு யார் வடிகட்டுவார்கள்?

பெரிய இதழ்களிலும் அதே முறைதான், விலைதான் வேறு. நேச்சர் 2021-ல் திறந்த அணுகலுக்கு 9,500 யூரோ என்று ஆரம்பித்தது, அன்றைய கணக்கில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். சந்தா திட்டத்தில் இந்த மாதிரிக் கட்டணத்துக்கு வருஷம் 150 கோடி என்று சொன்னார்கள். நேச்சர் விலையில் பார்த்தால் சுமார் 1,700 கட்டுரைக்குத்தான் வரும். இந்தியா வருஷத்துக்கு எழுதுவது லட்சக்கணக்கில். ஆக, படிக்கவும் காசு, எழுதவும் காசு என்கிற பாதை நமக்கு ஆகாது. படிப்பவரும் எழுதுபவரும் காசு கட்டாமல் இதழை நடத்தும் செலவைப் பொதுநிதி ஏற்கிற முறைதான் ஆகும். சயேலோ அதைத்தான் ஒட்டி வளர்ந்தது.

2027-க்குள்

இந்தச் சந்தா 2027 டிசம்பரோடு முடிகிறது. 30 பதிப்பாளர்களும் மறுபடி மேசைக்கு வருவார்கள். 6,000 கோடி கொடுக்கிற வாடிக்கையாளர் சில நிபந்தனை போடலாம்.

ஒன்று: பொதுப்பணத்தில் நடந்த இந்திய ஆராய்ச்சியின் இறுதி வரைவு, பிரெஞ்சுச் சட்டம் மாதிரி, குறிப்பிட்ட மாதத்தில் உலகத்துக்கே திறக்க வேண்டும். ஒப்பந்தத்திலும் இருக்கட்டும், சட்டத்திலும் இருக்கட்டும். அமெரிக்க அரசு 2022 ஆகஸ்டில் காத்திருப்புக் காலமே வேண்டாம் என்று தன் துறைகளுக்கு உத்தரவு போட்டது. நாம் கேட்பது அதைவிடக் குறைவு.

இரண்டு: சந்தாத் தொகையில் நூற்றுக்கு ஐந்து. மூன்று வருஷத்துக்கு 300 கோடி. அதை உள்நாட்டு இதழ்களின் பதிப்பாசிரியர், மென்பொருள், மொழிபெயர்ப்பு ஆகியவற்றுக்குக் கொடுங்கள். தமிழ் உட்பட இந்திய மொழி இதழ்களும் அதில் சேரட்டும்.

மூன்று: 2020 வரைவில் இருந்த 'எல்லாரும்' திரும்பி வர வேண்டும். முடியாவிட்டால் மாவட்ட மைய நூலகங்களையாவது திட்டத்தில் சேருங்கள். விழுப்புரத்துக்குப் பஸ் ஏறிப் போய் நூலகக் கணினியில் படித்துவிட்டு வரத் தயாராக இருக்கேன்.

என் பங்குக்கு நான் செய்தது சின்னது. சீதை குகைப் படங்கள், கீறல்களின் நீள அகலம், எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் அடித்தேன் என்ற குறிப்பு, எல்லாவற்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்ற உரிமத்தோடு விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றிவிட்டேன். பூட்டின அந்த மூன்று கட்டுரைகளில் ஒன்றை எழுதியவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ரெண்டே நாளில் தன் வரைவை அனுப்பி வைத்தார், கூடவே என் படங்களையும் கேட்டு வாங்கிக்கொண்டார். அவருடைய பழைய அளவில் ஒரு கீறலுக்கு என் அளவோடு நாலு சென்டிமீட்டர் வித்தியாசம். மழை விட்டதும் மறுபடி ஏறி அளந்து பார்த்துவிட்டு எழுதறேன்.